வலு குறைந்த கைக்கு எது காவல்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கை, விரல் மூட்டுகளுக்குத் தெரபி கொடுப்பது என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். விடியுமுன் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் போய், கத்தியை இழுத்து இழுத்துக் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்து போனவர்கள்.

போன மாதம் அப்படி ஓர் அம்மாவின் கையை மெழுகுச் சூட்டில் வைத்திருந்தபோது, ஹூஸ்டனிலிருந்து மகள் வீடியோ காலில் வந்தார். கல்யாணமாகிப் போய் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர். முடக்குவாதத்தால் விரல்கள் வீங்கியிருக்கின்றன. கணவருக்கு இரவு வேலை. பக்கத்துத் தெருவில் வீடு புகுந்து திருடியிருக்கிறார்கள்.

"அக்கா, கைத்துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். கடையில சின்னதா ஒன்னக் காட்டி, பொம்பளைங்க கைக்கு இதான் சரின்னு சொல்றாங்க. என் கைக்கு ஆகுமா?"

நான் துப்பாக்கி சுட்டவள் இல்லை. ஆனால் ஒரு பொருள் கையிடம் என்ன வேலை வாங்கும் என்று பார்ப்பதுதான் என் தொழில். இரண்டு நாள் படித்து, அங்குள்ள ஒரு பயிற்றுநரிடமும் கேட்டு, பிறகுதான் பதில் சொன்னேன்.

சின்னதாக இருந்தால் சுலபம் என்பது தப்பு. எடை குறைந்த துப்பாக்கி சுடும்போது உதைப்பு அப்படியே மணிக்கட்டுக்கு வரும். கனமானது அதில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். பிஸ்டலில் இன்னொரு வேலையும் உண்டு. மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் குண்டு ஏறும். .380 என்ற அளவுக் குண்டு போடும் சிறிய பிஸ்டல்கள் பலவற்றில் ஸ்லைடின் கனமும் ஸ்பிரிங்கும் மட்டுமே குண்டின் உதைப்பைத் தாங்க வேண்டியிருப்பதால் ஸ்பிரிங் கெட்டியாக இருக்கும். சில பெரிய 9 மி.மீ. பிஸ்டல்களைவிட அவற்றை இழுப்பது கஷ்டம்.

அப்படியானால் ரிவால்வர்? ஸ்லைடு இல்லை, உண்மைதான். ஆனால் துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியலை முன்கூட்டியே பின்னுக்குத் தள்ளி வைக்காமல் சுட்டால், விரலால் இழுக்கும் விசையை (டிரிகரை) இழுக்கப் பெரும்பாலும் 10 முதல் 12 பவுண்டு வேண்டும், கிட்டத்தட்ட 5 கிலோ. கடையில் வாங்கும் 5 கிலோ அரிசிப் பையை ஆள்காட்டி விரலில் மாட்டித் தூக்கிப் பாருங்கள். முட்டி வீங்கிய விரலுக்கு அது முடியாது.

இந்தக் கஷ்டத்தை மனதில் வைத்தே ஸ்மித் அண்ட் வெஸன் 2018இல் ஷீல்டு ஈஸி என்ற .380 பிஸ்டலைக் கொண்டு வந்தது. ஸ்லைடு இலகுவாக வரும். குண்டு நிரப்ப, குண்டுகளை அடுக்கும் கூடான மேகஸினின் ஸ்பிரிங்கைக் கீழே அழுத்திப் பிடிக்க ஒரு சின்னக் குமிழும் உண்டு. ஆனால் கைப்பிடியின் பின்னால் ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கிறது. உள்ளங்கை அதை நன்றாக அழுத்தாவிட்டால் சுடாது. பிடி தளர்ந்த கைக்கு அங்கே சிக்கல் வரலாம். மணிக்கட்டு தளர்ந்தால் எந்தப் பிஸ்டலும் இடையில் சிக்கக்கூடும்.

மகளுக்கு நான் சொன்னது: "மாத்திரை போட்டு விரல் இளகின நேரத்துல கடைக்குப் போகாதம்மா. விறைப்பா இருக்கிற நேரத்துல போ. குண்டு இல்லன்னு அவங்க காட்டினதும் நீயும் ஒரு தடவ பாத்துக்க. முனைய ஆபத்தில்லாத பக்கம் வச்சு, விசையில விரல வைக்காம, ஸ்லைட பத்துத் தடவ இழுத்துப் பாரு. நுனி விரலால கிள்ளி இழுக்காத. உள்ளங்கை முழுக்க மேல படிய வச்சு, முழங்கைய உடம்போட ஒட்டி, பிடிச்சிருக்கிற கைய முன்னால தள்ளு. மேகஸின்ல கடைசிக் குண்டு வரைக்கும் நீயே போடு. மறுநாள் காலையில விரல் எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்லு."

வாடகைக்குத் துப்பாக்கி தரும் பயிற்சிக் கூடங்கள் அங்கே உண்டு. சுட்டுப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம் என்றேன். வீட்டில் ஏழு வயதுப் பையன் இருக்கிறான். பூட்டுப் பெட்டி கட்டாயம், அதையும் அவருடைய விரலே திறக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அப்ப எனக்கு?" என்றார். நம் நாட்டில் அது வேறு கதை. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில், உரிமமின்றி வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை. இந்த ஊருக்குத் துப்பாக்கியின் பழைய நினைவும் உண்டு. 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவசரகாலம் வந்தது. "எங்கப்பா துப்பாக்கின்னா ஊரடங்குதான் சொல்வாரு," என்றார் அம்மா.

தனியாக இருக்கும் அவருக்கும் பயம் உண்டு. தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் உள்ள அவர் வீட்டுக்குப் போனேன். தலையணைக்கடியில் பாராங் என்ற வெட்டுக்கத்தி. வலது கையின் பிடி வலுவை அளந்தபோது 9 கிலோதான் காட்டியது. ஆசிய அளவுகோலில் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனாலே பலவீனம். அந்தக் கையிலிருக்கும் பாராங்கை வருகிறவன் பிடுங்கிக்கொள்வான். அலமாரிமேல் எடுத்து வைக்கச் சொன்னேன்.

வாசல் கிரில் கதவில் மூன்று பூட்டு. விளக்கை அணைத்துவிட்டுத் திறக்கச் சொன்னேன். சாவி விரலிடுக்கில் நழுவி இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது பூட்டு திறக்க நான்கு நிமிடம். திருடன் வராமல் தீ பிடித்தால்? எனக்கு அந்த நான்கு நிமிடமும் நெஞ்சு படபடத்தது. இரண்டு பூட்டைக் கழற்றினோம். மிச்சமுள்ள சாவியின் தலையில் கட்டையான ரப்பர் குழாயைச் செருகி, உள்ளங்கையால் திருப்பும்படி செய்தோம். ஊசியை இழுத்தால் அலறும் கருவியைக் கொடுத்துப் பார்த்தேன், அவரால் இழுக்கவே முடியவில்லை. அதனால் கழுத்தில் ஒரு விசில், அதற்கு மூச்சு போதும். போனில் 999 எப்படி அழுத்துவது என்று இருட்டிலேயே பழகினார். இப்போது கிரில் திறக்க இருபது விநாடி.

மகள் மூன்று பிஸ்டல்களைச் சுட்டுப் பார்த்து இரண்டை ஒதுக்கிவிட்டார். மூன்றாவதற்கு இன்னும் இரண்டு வகுப்பு போகட்டும் என்கிறார். அம்மா வீட்டுப் பின்கதவின் தாழ்ப்பாள் மட்டும் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி கிரீஸ் கொண்டு வருகிறான், நானும் போகிறேன்.