நெஸ்டட்: பின்னலா, உள்ளடைப்பா?

நிரல் எழுதப் பழகுகிறவர்களிடம் ஒரு சரத்தை (எழுத்துகளும் குறிகளும் வரிசையாக வருவது) கொடுத்து, அதில் அடைப்புக்குறிகள் அதிகபட்சம் எவ்வளவு ஆழம் போகின்றன என்று கேட்பது வழக்கம். இப்படி ஒன்றுக்குள் ஒன்று இருப்பதைத்தான் ஆங்கிலத்தில் 'நெஸ்டட்' என்கிறார்கள்.

'நெஸ்ட்' என்றால் பறவைக் கூடு. 'கீழே அமர்' என்ற பொருளுள்ள இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்த சொல்; கூட்டைக் குறிக்கும் வடமொழி 'நீட'வும் அதே வேர்தான். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பெட்டி, மேசைகளுக்கும் இந்தப் பெயர் ஏறியது. நிரலாளர்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான். குருவிக்கு இங்கே வேலையில்லை.

தமிழ்வழிப் பாடங்களில் இதற்குப் 'பின்னலான' என்று போடுகிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. குன்னூரில் முதலாமாண்டு மாணவி ஒருத்தி, "பின்னினா ஒண்ணுக்கொண்ணு குறுக்க போகுமே அக்கா?" என்றாள். சரியான கேள்வி. குறுக்கே போகாமல் சடை ஏது? அடைப்புக்குறிகளோ குறுக்கே போனால் பிழை: ([)] என்பதுதான் உண்மையில் பின்னல்.

'அடுக்கு' எனலாமா? அது ஸ்டாக்குக்குப் போய்விட்டது; ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்தே எடுக்கும் அமைப்பு அது. நான் 'உள்ளடைப்பு' என்பேன். பட்டாவில் புல எண்ணுக்குள் உட்பிரிவு வருகிறதே, அதே 'உள்'. மடக்குக்குள் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் 'லூப்') மடக்கு வந்தால் உள்மடக்கு, அவ்வளவுதான்.

இனி கணக்கு. சரம் இது:

நீலகிரி(குன்னூர்(வெலிங்டன், அருவங்காடு), ஊட்டி(லவ்டேல்))

எண்ணி (கவுண்டர்) ஒன்றை 0-இல் தொடங்கி, இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். திறக்கும் குறி வந்தால் 1 கூட்டுங்கள், மூடும் குறி வந்தால் 1 கழியுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். எண்ணி 1, 2, 1, 2, 1, 0 என்று போகும். அது தொட்ட உச்சம் 2. அதுதான் உள்ளடைப்பின் ஆழம். பலர் இங்கே 3 என்பார்கள், திறக்கும் குறிகள் மூன்று இருப்பதால். ஆனால் லவ்டேலுக்கு முன்பே குன்னூரின் அடைப்பு மூடிவிட்டது. அருவங்காட்டுக்குள் லவ்டேலை யாரும் தேடமாட்டார்கள்.

கடைசியில் 0 வந்தால் எல்லாம் சரி என்று விட்டுவிடவும் கூடாது. )( என்ற சரமும் 0-இல்தான் முடியும். ஆனால் நடுவில் -1 ஆகிறது. எண்ணி 0-க்குக் கீழே இறங்கிய உடனே பிழை என்று நிறுத்துங்கள்.

அப்புறம், பிறை அடைப்போடு ( ) சதுர அடைப்பும் [ ] கலந்து வந்தால் ஒற்றை எண்ணி போதாது. திறந்த குறிகளை ஸ்டாக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மூடும் குறி வரும்போது மேலே இருப்பது அதன் ஜோடிதானா என்று பார்த்து எடுக்க வேண்டும்.