காது கேட்கிறது, ஸ்டேஷன் அறிவிப்புதான் புரியவில்லை

"ஏதோ சொல்றாங்கன்னு தெரியுது சார், என்ன சொல்றாங்கன்னுதான் தெரியல."

செவித்திறன் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம், எந்த இடத்தில் அதிகம் சிரமப்படுகிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். கல்யாண மண்டபம், டிவி, போன் என்பார்கள். சென்னை கடற்கரை – தாம்பரம் ரயில் வழியில் அன்றாடம் போய்வருகிறவர்கள் ஸ்டேஷனையும் சேர்த்துச் சொல்வார்கள். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கிவிடும், ஏதோ தங்கள் மேல்தான் குறை என்பதுபோல. பாதிப் பேருக்கு உண்மையில் காதில் குறை இருக்கும். மீதிப் பேரின் காது நன்றாகவே இருக்கும். அவர்களுக்கும் புரிவதில்லை என்பதுதான் நான் எழுத வந்த விஷயம்.

முதலில் காதுப் பக்கம். பல்லாவரத்திலிருந்து கோட்டைக்குப் போய்வரும் ஒருவர் வந்திருந்தார், ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறவர். ஒலி புகாத அறைக்குள் சொற்களைச் சொன்னபோது, ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகத் திருப்பிச் சொன்னார். அதே சொற்களோடு கூட்ட இரைச்சலைக் கலந்து ஹெட்போனில் விட்டேன். 'சட்டை', 'கட்டை' ஆயிற்று. 'தட்டு', 'கட்டு' ஆயிற்று. எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் 1,000 ஹெர்ட்ஸ் வரை நேராக வந்த கோடு, 2,000-ஐத் தாண்டியதும் சரிந்து இறங்கியது. வயதோடு வரும் செவித்திறன் குறைவின் வழக்கமான வடிவம் இது. உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, ட, த, க போன்ற ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் அடையாளம் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அதனால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. "காது கேக்குதே, அப்புறம் என்ன" என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்வதும், இவர் அதை நம்பிப் பரிசோதனையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் இதனால்தான்.

பிளாட்பாரம் மாற்றிச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கூட்டம் எந்தப் பக்கம் ஓடுதோ, நானும் அந்தப் பக்கம் ஓடுவேன்" என்றார். அந்தப் பதில் என்னை நிரம்பவே கவலைப்படுத்தியது. முன்னால் ஓடுகிறவருக்கு மட்டும் சரியாகப் புரிந்திருக்கும் என்பது என்ன நிச்சயம்?

இனி ஸ்டேஷன் பக்கம். நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள். தாம்பரம் பக்கம் மீனம்பாக்கம் வேறு இருக்கிறது. மூன்றுக்கும் முடிவு 'ம்பாக்கம்'. பெயரை அடையாளம் காட்டுவதெல்லாம் தொடக்கத்தில் வரும் ஓரிரு எழுத்துகள்தான். பக்கத்துத் தண்டவாளத்தில் விரைவு வண்டி கடக்கும்போதோ, தகரக் கூரையில் மழை அடிக்கும்போதோ, முதலில் காணாமல் போவதும் அந்த எழுத்துகள்தான். பேட்டைகளும் அப்படியே: வடக்கே வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தெற்கே சைதாப்பேட்டை, குரோம்பேட்டை. எண்களில் 'ஒன்று', 'மூன்று' இரண்டுக்கும் வால் ஒன்றே.

இதற்கு நம்மூரில் செய்யும் வைத்தியம் சத்தத்தைக் கூட்டுவது. பறக்கும் ரயில் நிலையங்களைப் பாருங்கள். திருமயிலையிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ உள்ளே நுழைந்தால் பெரிய கான்கிரீட் கூடம், உயர்ந்த கூரை, வெறும் சுவர்கள். ஒலியை உறிஞ்சுவதற்கு அங்கே எதுவும் கிடையாது. ஓர் அசை சுவர்களில் மோதித் திரும்பி வந்து அடுத்த அசையின் மேல் விழுகிறது. சத்தத்தை இரட்டிப்பாக்கினால் எதிரொலியும் சேர்ந்து இரட்டிப்பாகும், தெளிவு இருந்த இடத்திலேயே இருக்கும். நடைமேடைக்கு இரண்டு பெரிய குழாய் ஸ்பீக்கர் வைத்து அலறவிடுவதைவிட, சிறிய ஸ்பீக்கர்களை நெருக்கமாக, தலைக்கு அருகில், மிதமான சத்தத்தில் வைப்பது எவ்வளவோ மேல். ஒலியியல் தெரிந்தவர்களுக்கு இது பழைய பாடம். பேச்சுத் தெளிவை 0 முதல் 1 வரை அளக்கும் எஸ்.டி.ஐ. என்ற முறை 1970-களிலேயே நெதர்லாந்தில் உருவாகிவிட்டது. அவசர அறிவிப்பு ஒலிக்கும் இடங்களில் அது 0.5-க்குக் குறையக்கூடாது என்று வெளிநாட்டுத் தரவிதிகள் சொல்கின்றன. அளக்கும் கருவி கைக்கு அடக்கமானதுதான். நடைமேடையில் நடந்துகொண்டே அளந்துவிடலாம்.

அறிவிப்பின் வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கும். பிறகு வண்டி எண், ஐந்து இலக்கம். பிறகு புறப்பட்ட இடம், சேரும் இடம். கடைசியில்தான் நடைமேடை. லோக்கல் வண்டியை எண் சொல்லி யாராவது அழைத்துக் கேட்டிருக்கிறீர்களா? "7.40 செங்கல்பட்டு", "திருமால்பூர் வண்டி", "பாஸ்ட்டா, ஸ்லோவா" என்றுதான் பேசுகிறோம். காது விழிப்பாக இருக்கும் முதல் சில விநாடிகளை யாருக்கும் வேண்டாத எண் எடுத்துக்கொள்கிறது. தனித்தனியாகப் பதிவுசெய்த துண்டுகளைக் கணினி ஒட்டிச் சொல்வதால், மனிதர் பேசும்போது முக்கியமான சொல்லில் விழும் அழுத்தமும் விழுவதில்லை. தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று ஒரு சுற்று முடிவதற்குள் வண்டியே வந்து நின்றுவிடும். என்னைக் கேட்டால், நடைமேடை மாற்றத்துக்கு மட்டும் தனி மணியோசை வேண்டும். அது ஒலித்ததும் முதல் வாக்கியத்திலேயே "தாம்பரம் வண்டி, நடைமேடை மாற்றம், மூன்றுக்கு மாறுகிறது" என்று நிதானமாக இரண்டு முறை சொல்ல வேண்டும். எண்ணும் மற்ற விவரமும் பிறகு வரட்டும்.

தேவையில்லாததைக் குறைப்பதும் தெளிவில் சேர்த்தி. நடுவே விளம்பரம், பொது அறிவுரை என்று ஓயாமல் ஒலித்தால் காது அதைக் கேட்காமல் இருக்கப் பழகிவிடும். முக்கியமான செய்தி வரும்போதும் பழகியபடியே இருக்கும். ரயிலுக்குள் ஒலிக்கும் தேவையற்ற அறிவிப்புகளைக் குறைக்கப்போவதாக 2022 தொடக்கத்தில் பிரிட்டன் அரசு அறிவித்தது.

இது சௌகரியம் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. 2025 பிப்ரவரி 15 அன்று புது டெல்லி ரயில் நிலைய நெரிசலில் 18 பேர் உயிரிழந்தார்கள். கும்பமேளாவுக்குப் போகும் கூட்டம் அது. பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸுக்காக 14-ஆம் நடைமேடையில் மக்கள் நின்றிருந்தபோது, பிரயாக்ராஜ் ஸ்பெஷல் 16-க்கு வருவதாக அறிவிப்பு ஒலித்ததில் குழப்பம் ஏற்பட்டது என்று டெல்லி காவல்துறை முதற்கட்டமாகத் தெரிவித்தது. பயணி ஒருவரின் பெரிய தலைச்சுமை படிக்கட்டில் விழுந்ததே காரணம் என்று பின்னர் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். காரணம் எதுவானாலும், பெயரில் முக்கால்வாசி ஒன்றாக இருக்கும் இரண்டு வண்டிகளை இரைச்சலுக்கு நடுவே காது பிரித்தறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. அப்படிப் பிரித்தறிய முடியாமல் தடுமாறுகிறவர்களைத்தான் என் பரிசோதனை அறையில் தினமும் நான் பார்க்கிறேன்.

ஒலி வேண்டாம், திரை போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. 2023 பிப்ரவரி கடைசியில் சென்னை சென்ட்ரலில் ஒலி அறிவிப்பை நிறுத்தி, தகவலைத் திரைகளில் மட்டும் காட்டும் முயற்சி நடந்தது. பார்வையற்றவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி உடனே எழுந்தது. கேட்காதவருக்குத் திரையும், பார்க்க முடியாதவருக்குக் குரலும் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். பலகையில் ஒன்று, குரலில் இன்னொன்று என்றால் இரண்டுமே இல்லாததைவிட ஆபத்து. போக்குவரத்து வசதிகள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் சொல்கிறது. செவித்திறன் குறைந்தவர்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறவர்கள்தான்.

நாம் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ஸ்டேஷன், கல்யாண மண்டபம் போன்ற இடங்களில் மட்டும் பேச்சு புரியவில்லை என்றால் அதை ஆரம்ப அறிகுறியாக எடுத்துக்கொண்டு ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் தள்ளிப்போட வேண்டாம். காது மெஷின் போட்டிருப்பவர்கள் பலர் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் இரைச்சல் தாங்காமல் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். கழற்றாதீர்கள். இரைச்சலான இடத்துக்கென்று தனி புரோகிராம் வைத்துத் தரச் சொல்லி உங்கள் நிபுணரிடம் கேளுங்கள். நிற்கும் இடத்தையும் பார்த்து நில்லுங்கள். குழாய் ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் நின்றால் யாருக்கும் புரியாது. பலகை கண்ணில் படும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி இரைச்சலை மிஞ்சுவதற்காக இயர்போன் சத்தத்தைக் கூட்டுகிறீர்கள். 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. சத்தம் 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகக் குறையும். நடைமேடையில் நிற்கும்போதாவது ஒரு காதைத் திறந்து வையுங்கள். கடைசி நிமிடத்தில் மாற்றிச் சொன்னாலும் தண்டவாளத்தில் இறங்கிக் கடக்காதீர்கள். அடுத்த வண்டி வரும். பக்கத்தில் ஒரு பெரியவர் திகைத்து நின்றால், "தாம்பரம் வண்டி மூணாவதுல வருதுங்க" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கத்த வேண்டியதில்லை, உதடு தெரிந்தாலே அவருக்குப் பாதி புரிந்துவிடும்.

அறிவிப்பு புரியவில்லை என்றால் 139 எண்ணிலோ ரயில் மதத் செயலியிலோ புகார் கொடுக்கலாம். "சத்தம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் புகாரை முடித்துவிடுவார்கள். எந்த நிலையம், எந்த நடைமேடை, எந்த முனையில் நின்றீர்கள், எத்தனை மணி, அறிவிப்பில் எந்தப் பகுதி பிடிபடவில்லை, அப்போது பலகை என்ன காட்டியது என்று எழுதுங்கள். ஸ்பீக்கரைச் சரிபார்க்க வரும் ஊழியருக்குத் தேவையான விவரங்கள் அவைதான்.