ஒரே வெடியில் போகும் காது

காதுக்கும் ஒரு தற்காப்பு உண்டு. பெரிய சத்தம் வந்தால் நடுக்காதில் உள்ள சின்னஞ்சிறு தசையொன்று இறுகி, உட்காதுக்குப் போகும் அதிர்வைக் குறைக்கும். ஆனால் அது இறுகுவதற்கு ஒரு நொடியின் நூறில் சில பங்காவது வேண்டும். துவக்கு, அதாவது துப்பாக்கி, வெடிக்கும்போது காற்றழுத்தம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. தசை அசைய முன்பே எல்லாம் முடிந்துவிடும்.

திருகோணமலையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. தம்பலகாமம், கந்தளாய், மொறவெவ பக்கத்திலிருந்து வயலுக்குக் காவல் இருக்கும் விவசாயிகள் வருகிறார்கள். சீருடையில் துவக்கோடு கடமை செய்து ஓய்வு பெற்றவர்களும் வருகிறார்கள். சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றுதான்: "ஆக்கள் கதைக்கிறது கேக்குது மிஸ், என்ன கதைக்கிறாங்க எண்டுதான் விளங்குதில்ல." சோதனை வரைபடத்தில் 4000 ஹேர்ட்ஸ் என்ற உயர்ந்த அதிர்வெண்ணின் அண்டையில் கேட்கும் திறன் குறைந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும், 8000இல் கோடு சற்று மேலேறும். அந்தப் பள்ளத்தைக் கண்டதும் "துவக்கு வெடி வைத்திருக்கிறீங்களா?" என்று கேட்பேன். உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அவை தப்பிவிடும். சகர, தகர, ககர ஒலிகளின் கூர்மைதான் மங்கும். படி, கடி, தடி மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். சந்தை இரைச்சலில் இன்னும் மோசம். வீட்டில் உள்ளவர்கள் "அவருக்கு வேணுமெண்டால்தான் காது கேக்கும்" என்று கோபிப்பார்கள். அது அநியாயம். அவருக்கு உண்மையிலேயே பாதிச் சொல்தான் போய்ச் சேர்கிறது.

நீளத்துவக்கை வலத்தோளில் வைத்துச் சுடுபவருக்குப் பெரும்பாலும் இடக்காதுதான் கூடுதலாகக் கெடும். வலக்காது தோள்பக்கம் சாய்ந்து தலையின் மறைவில் இருக்க, இடக்காது குழல்வாயை நோக்கி நிற்கிறது. கைத்துப்பாக்கியில் இந்த மறைவும் இல்லை. குழல் குட்டை, இரு காதும் முன்னால் திறந்தே இருக்கும்.

இதை எழுதத் தூண்டியது அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்த ஒரு தம்பி. இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். அங்கே அது பொழுதுபோக்கு. இரும்புத் தகட்டில் வெட்டிய விலங்கு உருவங்களைக் கைத்துப்பாக்கியால் சுட்டு விழுத்தும் போட்டிகள் 1970களிலிருந்து நடக்கின்றன, செம்மறிக்கிடாய் உருவம் நிற்பது 200 மீற்றர் தூரத்தில். இவரும் தூரத்துக் குறிக்காகவே ஓர் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியைப் பார்த்துப் பார்த்துச் செய்வித்திருக்கிறார். கையை நீட்டிப் பிடிப்பதால், கண்ணிலிருந்து எட்ட இருந்தாலும் தெளிவாகக் காட்டும் தனி வகைத் தொலைநோக்கி. உதைப்பைக் குறைக்கக் குழல்வாயில் துளைகள் உள்ள ஒரு துண்டு. காதுக்கு மட்டும் கடையில் கிடைத்த மலிவான மூடி. அதையும் நண்பருடன் கதைக்கக் கழற்றிய நேரத்தில் பக்கத்தில் நின்றவர் சுட்டுவிட்டார். அன்று தொடங்கிய இரைச்சல் நிற்கவில்லை. "இரவில கூவிக்கொண்டே இருக்கு" என்றார்.

அந்தத் துளைத்துண்டு வெடிவாயுவைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்பித்தான் உதைப்பைக் குறைக்கிறது. வாயு திரும்பும் திசையில் சத்தமும் திரும்பும். குறி நன்றாகும், ஆனால் சுடுபவரும் அருகில் நிற்பவரும் முன்னைவிடப் பெரிய சத்தத்தை வாங்குவார்கள். சத்தத்தின் உச்ச அளவு 140 டெசிபெல்லைத் தாண்டினால் ஒரு வெடியே நிரந்தரமாகக் கெடுக்கலாம். அநேகமான துவக்குகள் 140க்கும் 170க்கும் இடையில் வெடிக்கின்றன. ஓர் உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 15,000தான். செத்த கலம் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

காதில் பஞ்சு வைப்பது பயனற்றது. நுரைச் செருகியை விரலால் மெல்லிசாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நின்றால் பாதுகாப்பு மிகக் குறைவு. கைத்துப்பாக்கிக்கும் மூடிய கூடத்துக்கும் செருகியின் மேல் மூடியும் போடுங்கள். இரண்டையும் போட்டால் அவை தடுக்கும் அளவுகள் அப்படியே ஒன்றோடொன்று சேர்ந்துவிடா, இரண்டில் நல்லது தருவதைவிட ஒரு 5 முதல் 10 டெசிபெல்தான் கூடும். ஆனால் அந்த 5ஐ விடக்கூடாது. கண்ணாடிக் கால் மூடியின் ஓரத்தைத் தூக்கும், கவனியுங்கள். கதைக்க வேண்டியிருந்தால், பேச்சைக் கேட்கவிட்டு வெடியை மட்டும் தடுக்கும் மின்னணு மூடிகள் இருக்கின்றன. கழற்ற வேண்டியதில்லை.

துவக்கே தொடாதவர்களும் இதைக் கேளுங்கள். யானை விரட்டக் கொளுத்தும் வெடி அருகில் வெடித்தால் துவக்குக்குக் குறைந்ததல்ல. பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த உச்ச எல்லை 120 டெசிபெல்தான். வயல் வரம்பில் வேடிக்கை பார்க்க அவர்களைக் கூட்டிப் போகாதீர்கள், தூர நிறுத்துங்கள்.

வெடிக்குப் பிறகு காது அடைத்தாலோ இரைந்தாலோ, "நாளைக்குச் சரியாகும்" என்று கிழமைக்கணக்கில் இருக்க வேண்டாம். சில வேளை அது இறங்கிவிடும், உள்ளே சேதம் மிஞ்சியிருக்கும். அன்றோ மறுநாளோ காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். சிலருக்கு ஸ்டீரொயிட் மருந்து கொடுப்பார்கள், அது பலிப்பதற்கு முதல் நாட்களே நல்ல காலம். அதுவரை எண்ணெய், சொட்டு மருந்து, தண்ணீர் எதையும் காதுக்குள் விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருக்கலாம்.