கழுவாத தட்டில் ஒட்டிய சிவப்பு

"தம்பி, இந்த மாத்திரை போன வாரம்தானே வந்தது? அதுக்குள்ள எப்படிச் சிவப்பாச்சு?" என்று மருந்துக்கடை அண்ணாச்சி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய சரக்குப் பட்டியலுக்கு ஒரு சின்ன ஆண்ட்ராய்டு செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். காலாவதியாக 30 நாளுக்கும் குறைவாக இருக்கும் மருந்தின் வரிசை மட்டும் சிவப்பாகத் தெரிய வேண்டும். திறந்தவுடன் சரியாகவே இருந்தது. நாலு முறை மேலும் கீழும் தள்ளியதும் நல்ல மருந்தெல்லாம் சிவந்துவிட்டது.

நான் எழுதிய நிபந்தனை ஒரே வரி: மிச்ச நாள் 30-க்குக் குறைவென்றால் பின்னணியைச் சிவப்பாக்கு. இதில் என்ன தப்பு?

கடையில் 400 மருந்து. திரையில் ஒரு நேரத்தில் தெரிவது பத்தே வரிசை. 400 வரிசைகளையும் கட்டி வைத்தால் நினைவகம் வீண், போனும் திணறும். அதனால், ஆண்ட்ராய்டில் நீளமான பட்டியலைக் காட்ட 2014-ல் வந்த ரீசைக்ளர்வியூ என்ற கருவி, 'மறுசுழற்சி' என்ற பெயருக்கு ஏற்றபடி, கொஞ்சம் வரிசைகளை மட்டும் செய்து அவற்றையே சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துகிறது. ஹோட்டல் எவர்சில்வர் தட்டு மாதிரி. 400 பேர் சாப்பிட 400 தட்டு வாங்குவதில்லையே!

மேலே நகர்ந்து மறையும் வரிசைகளில் கடைசி இரண்டை அது அப்படியே கையருகில் வைத்துக்கொள்ளும். மற்றவை ஒரு பொதுக் குவியலுக்குப் போகும். அதில் ஒவ்வொரு வகை வரிசைக்கும் ஐந்து வரை இருக்கலாம். கீழிருந்து புதிய மருந்து வரும்போது குவியலிலிருந்து ஒரு வரிசையை எடுத்து, 'இதில் இந்த மருந்தை நிரப்பு' என்று நம் நிரலைக் கூப்பிடும். அந்த இடத்தின் பெயர் ஆன்பைண்ட்வியூஹோல்டர்.

12 நாளில் காலாவதியாகும் இருமல் மருந்து இருந்த வரிசை, சற்று நேரத்தில் பாராசிட்டமால் வரிசையாகிறது. பெயரை மாற்றினேன், விலையை மாற்றினேன், தேதியை மாற்றினேன். பின்னணியைத் தொடவில்லை, என் நிபந்தனை பொய்யானதால் அந்த வரி ஓடவே இல்லை. பழைய சாம்பார்க் கறையோடு புது இட்லி!

தீர்வு, 'இல்லையென்றால் வெள்ளையாக்கு' என்ற இன்னொரு வரி. அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போனது தனிக் கதை.

இதையே வலைப்பக்கமாக, மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி டாட்நெட்டில் பட்டியல் காட்டும் டேட்டாலிஸ்ட்டில் எழுதியிருந்தால் இந்தக் கறை வந்திருக்காது. அங்கே ஒவ்வொரு மருந்துக்கும் சர்வர் கணினி புதிதாக ஒரு வரிசை செய்கிறது. வரிசையில் தரவு நிரம்பியதும் நம் நிரலைக் கூப்பிடும் ஐட்டம்டேட்டாபவுண்ட் நிகழ்வில் நிறம் தீட்டலாம். ஆனால் அந்த நிகழ்வு தலைப்பு வரிசைக்கும் வரும். தலைப்புக்கு ஏது காலாவதித் தேதி? வரிசை எந்த வகை என்று முதலில் பார்க்காவிட்டால் பக்கமே பிழை காட்டி நின்றுவிடும்.

அண்ணாச்சி விடவில்லை. தப்பாகப் பதிந்த ஒரு தேதியைத் திருத்தியிருக்கிறார். வரிசை சிவப்பாகவே நின்றது. தரவு மாறியதை யாராவது சொன்னால்தானே பட்டியலுக்குத் தெரியும்? நோட்டிஃபைஐட்டம்சேஞ்ச்டு என்று கூப்பிட்டு, எத்தனையாவது வரிசை என்று சொன்னதும் மாறிக்கொண்டது.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: மத்தியான வெயிலில் கடை வாசலில் நின்று பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுபோல இருக்கிறதாம். சிவப்பு, பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் இருக்கிறார்களே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது வரிசையின் ஓரத்தில் '12 நாள்' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்துக்கும் மறக்காமல் ஓர் 'இல்லையென்றால்' போட்டேன்.