கடைசிக் காம்பிராவில் கேத்தல் ஏன் மெதுவாகக் கொதிக்கிறது?

பொழுது சாய்ந்ததும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது ஒட்டியிருக்கும் வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு கேத்தல் போடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் வரிசையின் கடைசிக் காம்பிராவில் தண்ணீர் கொதிக்காமல் அடம்பிடிக்கும். கேத்தல் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம்.

கேத்தலின் அடியில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கும். வோல்ட்டளவையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வலு. ஆகவே 2000ஐ 230ஆல் வகுத்தால் மின்னோட்டம் 8.7 அம்பியர். வோல்ட்டளவை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை: 230 ÷ 8.7, ஏறத்தாழ 26.4 ஓம். ஜோர்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதிதான் இது. பரீட்சைக்கென்று ஏழெட்டுச் சூத்திரம் மனனம் செய்வது வீண்வேலை. இந்த இரண்டும் இருந்தால் மற்றவை தானாக வரும்.

கேத்தலுக்குள் இருக்கும் சுருளின் தடை பெரிதாக மாறாது. கடைசி வீட்டுக்கு 190 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 190 ÷ 26.4 என்றால் 7.2 அம்பியர். வலு 190 × 7.2, சுமார் 1370 வாட். வோல்ட்டளவு குறைந்தது ஆறில் ஒரு பங்கு. வலு குறைந்ததோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வோல்ட்டளவு இறங்கும்போது மின்னோட்டத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்குகிறது, அதனால்தான் இந்த இரட்டை அடி. நுவரெலியாக் குளிரில் 15 பாகையில் இருக்கும் ஒன்றரை லீற்றர் தண்ணீர் முழு வலுவில் நான்கு நிமிடத்தில் கொதிக்கும் என்றால், இப்போது ஆறு நிமிடம் ஆகும். (அந்த உயரத்தில் 94 பாகையிலேயே கொதித்துவிடுவது ஒரு சின்ன ஆறுதல்.)

சரி, மீதி வோல்ட் எங்கே போனது? வயரில்தான். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 50 மீற்றர் போய்த் திரும்பினால் அதன் தடை 1.7 ஓம். 8 அம்பியர் ஓடினால் 14 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிட்டத்தட்ட 110 வாட் வயரைச் சூடாக்குவதில் வீணாகும். பல வீடுகளின் மின்னோட்டம் ஒரே வயரில் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்: மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வீணாகும் சூடு நான்கு மடங்கு.

லக்சபானவில் 1950 முதல் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். இன்று அது 132,000 வோல்ட்டில் மலையிறங்குவதும் இதே கணக்கால்தான். அதே வலுவை 33,000 வோல்ட்டில் அனுப்பினால் நான்கு மடங்கு மின்னோட்டம் வேண்டும். அதே கம்பியில் இழப்பு 16 மடங்காகும்.

இந்தக் கணக்கை எல்லாவற்றுக்கும் போட முடியாது. 60 வாட் குண்டு பல்பின் தடை எரியும்போது 880 ஓம் வரை இருக்கும். அணைத்து ஆறவிட்டு மீற்றர் வைத்தால் அதில் பத்திலொரு பங்குகூடக் காட்டாது. மோட்டார் உள்ள சாமான்களுக்கு வோல்ட்டையும் அம்பியரையும் வெறுமனே பெருக்கினாலும் சரியான வாட் வராது.

அப்புறம், பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். 5 அம்பியர் பொயின்றில் அடப்டர் மாட்டிக் கேத்தல் போடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. பிடிமானம் தளர்ந்து அங்கே 0.2 ஓம் தடை இருந்தாலே, 8.7 அம்பியரில் 15 வாட் சூடு விரல்நுனி அளவு இடத்தில் பிறக்கும். பிளாஸ்டிக் உருகுவது அதனால்தான்.