512 எம்பி போதுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “தறிக் கணக்கு எழுத 2004இல் வாங்கிய பென்டியம் 4 கணினி. 512 எம்பி நினைவகம். வயதாகி மெதுவாகிவிட்டது என்கிறார்கள். எடைக்குப் போட்டுவிடலாமா?”

போடாதீர்கள் ஐயா. வயதானால் கணினியின் வேகம் குறையும் என்பது மூடநம்பிக்கை. தூசி அடைத்துச் சூடேறாத வரை, வினாடிக்கு 240 கோடி முறை துடித்த சில்லு இன்றும் அப்படியேதான் துடிக்கும். இத்தனை ஆண்டுகளில் மென்பொருள்கள்தான் கனத்துப்போயின. 1969இல் கணினி அறிஞர் கென் தாம்சன், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான யூனிக்ஸை எழுதத் தொடங்கிய பிடிபி-7 கணினியின் நினைவகம், இன்றைய கணக்கில் வெறும் 18 கேபி. அந்தச் சிக்கனத்தின் வழியில் வந்த இயக்க மென்பொருள்தான் லினக்ஸ்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். 30 எம்பி அளவுள்ள ஒரு செயலியைத் திறக்கிறீர்கள். லினக்ஸ் அதை முழுதாக நினைவகத்தில் ஏற்றுவதில்லை. ‘இன்ன பக்கம் ஹார்டு டிஸ்க்கில் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் என்பது 4,096 பைட். செயலி ஓடத் தொடங்கி, நினைவகத்தில் இல்லாத ஒரு பக்கத்தைத் தொட்டதும் சில்லு தடுக்கி நிற்கிறது. லினக்ஸின் மையமான கர்னல் விழித்துக்கொள்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்து வைக்கிறது. தடுக்கிய அதே கட்டளையை மறுபடி ஓடச் சொல்கிறது. நடுவில் தான் நின்றதே செயலிக்குத் தெரியாது! பாலாறு வறண்டு கிடக்கும்போது மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்க மொண்டுகொள்கிறோமே, அதே முறை. தேவைப்படாத பக்கங்கள் கடைசிவரை வருவதே இல்லை.

இடம் நெருக்கினால்? செயலியின் கட்டளைப் பக்கங்களைத் தயங்காமல் தூக்கியெறியலாம். மூலம் ஹார்டு டிஸ்க் வட்டில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் தட்டச்சு செய்த கணக்கை அப்படி எறிய முடியாது. அதை வட்டில் எழுதி வைக்கலாம். ஆனால் பழைய வட்டின் முள் ஒருமுறை நகர்ந்து இடம் பிடிக்க ஏறக்குறைய 10 மில்லிவினாடி ஆகும். அதற்குள் சில்லு 2 கோடியே 40 லட்சம் முறை துடித்துவிடும். அந்தத் துடிப்புகளை வீணாக்குவானேன்? பக்கத்தைச் சுருக்கி, நினைவகத்திலேயே ஒரு மூலையில் மடித்து வைத்துவிடுகிறது இசட்ரேம் என்ற வசதி. பீரோவில் புடவைகளை இறுக்கி அடுக்குவதைப் போலத்தான்.

ஆன்டிக்ஸ் போன்ற இலகுவான லினக்ஸின், பழைய சில்லுகளுக்கான 32 பிட் பதிப்பை நிறுவுங்கள். கணக்கு, கடிதம், பாட்டு எல்லாம் நடக்கும். இன்றைய இணையதளங்கள் மட்டும் திணறும். அதை மறைக்க மாட்டேன். பள்ளிகளுக்குப் புதுக் கணினி வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, மூட்டை கட்டிவைத்த பழைய கணினிகளை எழுப்பவும் அதை மாணவர்களுக்குக் கற்றுத்தரவும் கொடுக்க வேண்டும். பக்கம் இல்லாமல் சில்லு தடுக்கி நிற்பதைக் கண்ணால் பார்க்க, நெருக்கடியில் ஓடும் பழைய கணினியைவிட நல்ல ஆய்வகம் கிடையாது.

நிறுவும் முன் பெட்டியைத் திறந்து தூசியை ஊதிவிடுங்கள். மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் 2032 பேட்டரியை மாற்றுங்கள். அது செத்திருந்தால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழின் தேதி பொருந்தாமல் இணையதளங்கள் திறக்க மறுக்கும். பழியோ கணினியின் வயதின்மேல் விழும்.