சிவப்புத் தலைக்குச் சமைத்துப் போடும் பச்சைத் தண்டு

நர்சரிக்குப் போனால் வாசல் பக்கத்திலேயே கண்ணில் படும். விரல் நீளப் பச்சைத் தண்டு, அதன் உச்சியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு சிவப்பு உருண்டை. மஞ்சளிலும் ஆரஞ்சிலும்கூட வரும். ‘மூன் கேக்டஸ்’ என்று சொல்லி விற்பார்கள். பூ என்று நினைத்து வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். அது பூ அல்ல, முழுக் கள்ளி. கீழே இருக்கும் தண்டு வேறொரு கள்ளி. மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுவதுபோல இரண்டையும் ஒட்டியிருக்கிறார்கள்.

முதலில் வாங்கியபோது எனக்கு இந்த விவரம் தெரியாது. கள்ளிதானே, வெயில் தாங்கும் என்று மொட்டை மாடிச் சுவரில் வைத்தேன். சித்திரை வெயிலில் தலையின் மேற்குப் பக்கம் வெளுத்தது, பிறகு காப்பித்தூள் நிறத்துக்கு மாறிக் காய்ந்தது. தண்டு மட்டும் தெம்பாக நின்றது. ஒரே தொட்டி, ஒரே வெயில், ஒரே தண்ணீர். ஒன்று பிழைத்து ஒன்று ஏன் கருகியது என்ற கேள்விதான் இந்தச் செடியைப் புரிந்துகொள்ளும் வழி.

அந்தத் தலையின் பெயர் ஜிம்னோகாலிசியம் மிஹானோவிச்சி. தென் அமெரிக்காவில், பராகுவே பக்கத்து வறண்ட புதர்க்காடுகளின் கள்ளி. இயல்பில் அது சிவப்பு அல்ல, பழுப்பு கலந்த மங்கலான பச்சை. 1941இல் ஜப்பானில் வாட்டனாபே என்ற நாற்றுப்பண்ணைக்காரர் விதைத்த சுமார் 10,000 நாற்றுகளில் இரண்டு மட்டும் சிவந்து நின்றன. அவற்றை வேறு கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டிக் காப்பாற்றினார். அவை விட்ட பக்கக் குட்டிகளிலிருந்து முழுச் சிவப்பு வகை கிடைத்தது. ‘ஹிபோட்டான்’ என்று பெயரிட்டார்கள், ஜப்பானிய மொழியில் செந்நிறப் பியோனிப் பூ என்று பொருள்.

சிவப்பு புதிதாக வந்து சேர்ந்த நிறம் அல்ல. எப்போதும் உள்ளேயே இருந்தது, பச்சையம் அதை மறைத்திருந்தது. பச்சையம் உண்டாகும் வழி கெட்டுப்போனதும் அடியில் இருந்தது வெளியே தெரிகிறது. பீட்டாலைன் என்ற நிறமி அது. பீட்ரூட்டின் சிவப்பும், செந்தண்டுக்கீரையைக் கடையும்போது சட்டியில் இறங்கும் சிவப்பும், காகிதப்பூவின் நிறமும் இதே குடும்பம்தான். செம்பருத்தியின் சிவப்பு வேறு, அது ஆந்தோசயனின். இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருந்ததாக இதுவரை யாரும் கண்டதில்லை.

பச்சையம் இல்லாத செடியால் வெயிலை உணவாக்க முடியாது. விதையில் இருக்கும் சேமிப்பு தீர்ந்ததும் பட்டினிதான். அதனால்தான் கீழே பச்சைத் தண்டு. அது சமைக்கிறது, தலை சாப்பிடுகிறது.

பெரும்பாலும் அந்தத் தண்டு யார் தெரியுமா? இப்போது தமிழ்நாட்டிலும் கல்தூண் நட்டு ஏற்றிவிடுகிறார்களே, அந்த டிராகன் பழக்கொடிதான், அல்லது அதன் நெருங்கிய உறவு. மூன்று விளிம்புத் தண்டு அதன் அடையாளம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி அது, பாலைவனத்துச் செடி அல்ல. ‘கள்ளிக்கு மாதம் ஒருமுறை தண்ணீர் போதும்’ என்ற அறிவுரை இங்கே பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

இரண்டும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன? தண்டைக் கூரான பிளேடால் குறுக்கே வெட்டினால் ஈரமாக, வெள்ளரிக்காயை வெட்டியதுபோல வழுவழுப்பாக இருக்கும். நடுவில் சிறு வளையம் ஒன்று தெரியும். தண்ணீரும் சர்க்கரையும் போகும் குழாய்கள் அந்த வளையத்தில்தான் இருக்கின்றன, புதிய செல்களைப் பிறப்பிக்கும் அடுக்கும் அங்கேதான். தலையை வெட்டினாலும் அதேபோல் ஒரு வளையம். இரண்டு வளையங்களும் தொட்டால் மட்டுமே ஒட்டு பிடிக்கும். பலர் தவறுவது இங்கேதான். அழகாக நடு மையத்தில் வைத்துவிடுவார்கள். பெரிய வளையத்தின் நடுவே சின்ன வளையம் உட்கார்ந்தால் இரண்டும் எங்குமே தொடாது! கொஞ்சம் தள்ளி வைத்தால் இரண்டு இடத்திலாவது ஒன்றையொன்று வெட்டும், அது போதும். விளிம்புத் தோலையும் சுற்றிலும் சாய்வாகச் சீவிவிட வேண்டும். வெட்டிய சதை வற்றிக் குழியும், தோல் அப்படிச் சுருங்காது. சீவாவிட்டால் விளிம்பு மேலே நின்று நடுவில் இடைவெளி விழுந்துவிடும்.

நம் ஊர் சதுரக்கள்ளியிலோ திருகுகள்ளியிலோ இதை ஒட்ட முடியாது. கிள்ளினால் பால் வடியும் அவை ஆமணக்கின் குடும்பம். கள்ளி என்று நாம் சேர்த்துக் கூப்பிட்டாலும் கேக்டஸுக்கும் அவற்றுக்கும் உறவில்லை.

தண்டு சமைக்கும் விதமும் தனி. பகலில் வாயைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால், இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்த இருப்பை வைத்து வெயிலில் சர்க்கரை செய்கிறது. ரணகள்ளி இலை காலையில் புளிக்கும், மதியம் சப்பென்று இருக்கும். காரணம் இதுதான். இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், அந்த இலையை மென்று பார்த்து 1813இலேயே லண்டன் லின்னியன் சங்கத்துக்கு இந்தச் சுவை மாற்றத்தைத் தெரிவித்தார்.

இனி பராமரிப்பு. தண்டுக்கு வெளிச்சம் வேண்டும், தலைக்கு வெயில் ஆகாது. இரண்டுக்கும் ஒத்துவரும் இடம் கிழக்கு ஜன்னல். காலையில் ஒரு மணி நேர இளவெயில், பிறகு நல்ல வெளிச்சம். டிவி மேசை மேல் இருட்டில் வைத்தால் சில மாதம் சிவப்பாகவே இருந்து ஏமாற்றும். அதற்குள் தண்டு தன் சேமிப்பைத் தலைக்குக் கொடுத்துக் கொடுத்தே மெலிந்துவிடும். ஆகவே தலையைப் பார்க்காதீர்கள், தண்டைப் பாருங்கள். பச்சையாகக் கெட்டியாக இருந்தால் நலம். அடியில் பழுப்பேறிக் கொழகொழத்தால் அழுகல்.

தண்ணீருக்குத் தேதி வைக்க வேண்டாம். ஐஸ்கிரீம் குச்சியை மண்ணில் அடிவரை செருகி எடுங்கள். ஈரம் ஒட்டாமல் வந்தால் தொட்டியின் அடியில் வழியும் வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடைவெளி தானாக நீளும். கடைத் தொட்டியில் பெரும்பாலும் வெறும் தேங்காய் நார்த்தூள்தான் இருக்கும். நனைந்தால் நாள்கணக்கில் காயாது. பாதிக்குப் பாதி பருமணல் கலந்த மண்ணுக்கு மாற்றுவது நல்லது. ஒட்டின் இடுக்கில் மாவுப்பூச்சி வந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தெடுங்கள்.

தண்டின் விளிம்பில் பச்சைத் துளிர் கிளம்பினால், ஆசையாக இருந்தாலும் கிள்ளிவிட வேண்டும். விட்டால் தண்டு தன் கொடியை வளர்க்கப் போய்விடும், தலை பட்டினி கிடக்கும்.

எவ்வளவு கவனித்தாலும் இந்த ஒட்டு பெரும்பாலும் சில ஆண்டுகள்தான். தலை பருத்துக்கொண்டே போகிறது, தாங்கும் தண்டு ஈடுகொடுக்க முடியாமல் ஓய்ந்துபோகிறது. அதற்குமுன் தலையைச் சுற்றிக் குட்டிகள் முளைத்திருக்கும். சுண்டைக்காய் அளவு வந்ததும் ஒன்றை அறுத்து, புது டிராகன் பழத்தண்டில் வைத்து, தொட்டியோடு சேர்த்து ரப்பர் பேண்டு போடுங்கள். வெட்டில் தண்ணீர் படாமல் நிழலில் பத்து நாள் இருக்கட்டும். முதல் சில நாள் குட்டியின் தோல் சுருங்கித்தான் தெரியும், பயப்பட வேண்டாம். அந்தச் சுருக்கம் விரிந்து தோல் பளபளவென்று இறுகினால், தண்டின் தண்ணீர் குட்டிக்கு ஏறத் தொடங்கிவிட்டது.